குடவாசலில் இறங்கிய வெள்ளி மனிதர்கள்

நாளிதழில் தொடர்கதை எழுதுகிறவன் நடுத்தெருவில் வீடு கட்டுகிறவன் மாதிரி. போகிற வருகிறவர்கள் யோசனை சொல்லாமல் நகரமாட்டார்கள். வாராவாரம் எழுதிக் கொடுத்தே தீரவேண்டிய சக பாவிகளுக்கு இது தெரியும்.

குத்தகைக்காரரை வயலிலிருந்து இறக்கக்கூடாது என்று சட்டம் வந்து, தஞ்சாவூர் ஜில்லாவே கோர்ட்டுக்கு அலைந்த காலம். எங்கள் ஞாயிறு மலரில் விஞ்ஞானத் தொடர் ஒன்று ஆரம்பித்தேன். வேற்றுக்கிரகத்து வெள்ளி மனிதர்கள் குடவாசலில் இறங்கி நிலத்தை அளக்கிறார்கள். நெல்லை நிறுத்தி நீலப் பயிர் போடச் சொல்கிறார்கள். விளைச்சலைத் தங்கள் கிரகத்துக்கு ஏற்றுகிறார்கள். வெள்ளைக்காரனைத்தான் சொல்கிறேன் என்பது எல்லோருக்கும் புரியும் என்று நம்பினேன்.

ஆசிரியர் மட்டும் எச்சரித்தார்: "வம்பு வந்தா தொடரை நிறுத்திடுவேன். நீங்க பழையபடி மேட்டூர் நீர்மட்டம் எழுதப் போகலாம்."

கர்ணத்தின் கோபம்

வெள்ளி மனிதர்கள் கேட்டதும் ஊர்க் கர்ணம் நிலக் கணக்கை எடுத்து நீட்டுவதாக எழுதியிருந்தேன். மறுநாளே நிஜக் கர்ணம் ஒருவர் வந்து நின்றார். காட்டிக்கொடுத்தவனாக்கிவிட்டேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என நினைத்தேன்.

"மனு வாங்காம நான் யாருக்குங்க சிட்டா கொடுத்திருக்கேன்? அவன் எந்தக் கிரகமா இருந்தா என்ன?"

மிராசுதாரின் பயம்

'அடுத்த வாரம்: வெள்ளி மனிதர்கள் உழுகிறார்கள்!' என்று அறிவிப்புப் போட்டோம். திருவையாற்று மிராசுதார் ஒருவர் காரில் வந்து நேராக ஆசிரியர் அறைக்குள் போனார். எனக்கும் அழைப்பு வந்தது.

"ஆளைச் சுடட்டும், ஊரைக் கொளுத்தட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை சார். ஏர்ல மட்டும் கை வைக்க விடாதீங்க. ஒரு போகம் சாகுபடி பண்ணிட்டான்னா எந்தக் கோர்ட்டாலயும் அவனை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது!"

குத்தகைக்காரரின் யோசனை

அவர் போனதும், யாரையும் உழவிடாமல் கதையை முடிக்கச் சொன்னார் ஆசிரியர். எப்படி முடிப்பது என்று தவித்தபோது, குடவாசலிலிருந்து குத்தகைக்காரர் ஒருவர் பஸ் பிடித்து வந்தார். "அளக்கறான், விளைஞ்சதை அள்ளிட்டுப் போறான். எங்க பண்ணையார்னு நேராவே எழுதவேண்டியதுதானே?" என்று அவர் பங்குக்குச் சத்தம் போட்டார். வெள்ளி மனிதர்களை எப்படித்தான் விரட்டுவது என்று அவரையே கேட்டேன்.

"குண்டெல்லாம் வேணாங்க. அவங்க பேருக்குப் பட்டா மாத்திக்கச் சொல்லித் தாலுகா ஆபீசுக்கு அனுப்புங்க. தானா போயிடுவாங்க."

அப்படியே அனுப்பினேன். நான்கு வாரம் நடையாய் நடந்துவிட்டு விண்கலத்தில் ஏறிவிட்டார்கள். மிராசுதாரும் வாய் திறக்கவில்லை, குத்தகைக்காரரும் திறக்கவில்லை. ஆசிரியர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"தாசில்தார் ஆபீசுலேருந்து ஆள் வந்திருக்கார். நீங்க நீர்மட்டத்துக்கே போயிடுங்க."

ஆக, வெள்ளைக்காரனைக் குத்திக்காட்ட நான் எழுதிய ஒரே கதைக்கு, அவனைத் தவிர ஜில்லாவில் எல்லோருமே கோபித்துக்கொண்டார்கள்.