உயிரோடு இருப்பவருக்கு ஓர் அறிவித்தல்

அழகரத்தினத்துக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. தேநீர்க் கடைக்குப் போனாலும் ஒரு காலை ஓட்டோவுக்குள் வைத்தபடியேதான் குடிப்பார். மட்டக்களப்பு நகரத்தில் அவரை எல்லாருக்கும் தெரியும். கண்டு சிரிப்பவர்கள்தான் குறைவு. காரணம் அவருடைய தொழில். ஓட்டோக் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக மரண அறிவித்தல் சொல்லித் திரிகிறவர் அவர். இளவயதில் தியேட்டருக்குப் புதுப்படம் அறிவித்த குரல். தியேட்டரை மூடிய பிறகு சாவுக்கு மாறிக்கொண்டது. குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சந்தையில் அவர் தக்காளி என்ன விலை என்று கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

கொரோனா வந்து அந்தத் தொழிலிலும் மண் விழுந்தது. ஊரில் சாவு கூடியது, ஆனால் செத்த வீட்டில் ஆட்கள் கூடக்கூடாது என்றார்கள். பிறகு யாருக்கு அறிவிப்பது? அந்த நாட்களில் பஸ் நிலையத்தில் படுத்துக்கிடந்த ஒரு மனிதர் இறந்துபோனார். வருடக்கணக்காகத் தினமும் கண்ட முகம். "இந்தாள்ர பேர் என்ன, எந்த ஊர்?" என்று பொலிஸ்காரர் கேட்டபோது, ஊர்ப் பேரெல்லாம் வாயில் வைத்திருந்த அழகரத்தினத்துக்கு அந்த ஒரு பேர் தெரியவில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று சொல்லாமல் அவர் யாரையும் வழியனுப்பியதில்லை. அந்த மனிதரைச் சும்மா ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று தொட்டு அவருக்கு நித்திரை இல்லை.

சந்தையடியிலும் பாலத்தடியிலும் படுப்பவர்களிடம் போய்ப் பேரும் ஊரும் கேட்கத் தொடங்கினார். நல்ல மனதோடுதான் கேட்டார், பாவம். ஆனால் சாவு சொல்கிறவர் வந்து, அந்தக் குரலில், "உங்கட சொந்த ஊர் எது?" என்றால் யார்தான் முறைத்துப் பார்க்கமாட்டார்கள்?

"இவன் முன்கூட்டியே கேட்டு வெக்கான்கா," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள் கண்ணகை. மீன் சந்தைக்கு எதிரே பூட்டிக்கிடந்த புடைவைக்கடையின் விறாந்தையில் படுப்பவள். மீன் கழுவிக் கொடுத்துச் சீவிக்கிறவள், அறுபதைத் தாண்டியவள், ஓயாத இருமல்காரி. பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "கொக்கட்டிச்சோலை எண்டு வெச்சுக்க. மறுகா இந்தப் பக்கம் வராத."

அந்த இருமல்தான் அழகரத்தினத்தைப் போட்டு ஆட்டியது. அடுத்தது இவளோ என்று ஒவ்வொரு நாள் காலையும் விறாந்தையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அதனால், வீடு வாசல் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட ஒரு நடமாடும் குழு வருகிறது, கூப்பிட ஒரு குரல் வேண்டும் என்று அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்றார்.

"அடையாள அட்டை தேவையில்ல, முகவரி தேவையில்ல, ஆரும் வரலாம் எண்டு மட்டும் சொல்லுங்க அண்ணன்," என்றாள் தாதி ஸுஹைனா. காத்தான்குடிப் பிள்ளை, துடியானவள். குழு வந்த வாகனத்தைச் சந்தையடியில் நிறுத்திவிட்டுக் கதிரையும் போட்டாள்.

அழகரத்தினம் "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கியதுதான் தாமதம், மீன் வெட்டுகிற பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். "ஆருகா மோசம் போன?" என்று செத்தவர் யாரென விசாரித்தார்கள். பின்னால் ஊசி என்ற சொல்லும் வந்தது. சாவுக் குரலில் ஊசி! விறாந்தையில் கிடந்தவர்களில் பாதிப்பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் நடையைக் கட்டினார்கள்.

கண்ணகையை அவர் ஒரு கவிழ்த்த தோணிக்குப் பின்னால் கண்டுபிடித்தார்.

"வாங்கக்கா. இந்த இருமலோட சும்மா இரிக்கலாமா?"

"வரமாட்டன். ஊசி எண்டு சொல்லி மறுகா வாகனத்தில ஏத்துவாங்க. முந்தியும் கொரோனா எண்டு அப்பிடித்தான் கொண்டுபோய் முகாமில வெச்சாங்க. திரும்பி வந்து பாத்தா என்ட பாயுமில்ல, பொதியுமில்ல, படுத்த இடத்தில வேறொருத்தன் கிடக்கான். மழைக்குள்ள நிண்டவள் நான். எங்க இரிக்கிற எண்டு உன்ட மிஸ் கேப்பா. நான் என்னத்தச் சொல்ல?"

"அதெல்லாம் கேக்கமாட்டாங்கக்கா."

"நீயே கேட்டாயே!"

அழகரத்தினம் வந்த வழியே நடந்தார்.

திரும்பி வந்தால் ஸுஹைனா ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு வந்தாறுமூலைப் பக்கம் போறம். இனி இஞ்சால எப்ப வருவம் எண்டு தெரியா அண்ணன்."

"கொஞ்சம் பொறுங்க மிஸ்!" ஓட்டோவில் பாய்ந்து ஏறிச் சந்தையைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கி வாயில் வைத்தார். அந்த வாய்க்கு ஒரு பாதைதான் பழக்கம்.

"கொக்கட்டிச்சோலையைப் பிறப்பிடமாகவும், மட்டக்களப்பு மீன் சந்தையடிப் புடைவைக்கடை விறாந்தையை வதிவிடமாகவும் கொண்ட திருமதி கண்ணகை அவர்கள்..."

அப்போதுதான் தான் என்ன சொல்கிறோம் என்பதே அவருக்கு உறைத்தது. அடுத்து வரவேண்டிய சொல்லை விழுங்கினார். "உயிரோட இரிக்கிறா! உடனே ஊசி போட வரவும்!" என்று கத்தினார். மிச்சத்தை யார் கேட்டார்கள்?

மீன்காரிகள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாலத்தடியில் படுப்பவர்கள் வந்தார்கள். காலையில் ஊசிக்குப் பயந்து ஓடியவர்களும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். "நேத்தும் எனக்கு வெத்திலை தந்தாளே!" என்று ஒருத்தி விறாந்தையில் விழுந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

வாவிப் பக்கமிருந்து செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள் கண்ணகை.

"ஆர்ரா என்னச் சாகடிச்சவன்?"

அழகரத்தினம் ஓட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஓங்கிய செருப்போடு கூட்டத்துக்குள் புகுந்தவள், அழுத முகங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எனக்காகா அழுற?"

ஒப்பாரி வைத்தவள் மூக்கைச் சிந்திவிட்டு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். செருப்பு கீழே இறங்கியது.

ஸுஹைனா இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாளா? ஐஸ் பெட்டியைத் திறந்தாள். "வந்த எல்லாரும் வரிசையில நில்லுங்க!" இழவுக்கு வந்தவர்கள், சட்டென்று திரும்பிப் போக வெட்கப்பட்டு, முணுமுணுத்தபடியே சட்டைக் கையைச் சுருட்டினார்கள்.

முதல் ஆளாகக் கதிரையில் குந்தினாள் கண்ணகை. ஊசி ஏறியபோது முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஸுஹைனா பேனாவை எடுத்தாள்.

"பேர் மட்டும் போதும் அம்மா. முகவரி தேவையில்ல."

"ஏன் தேவையில்ல?" என்றாள் கண்ணகை. "இவன் ஊரெல்லாம் கேக்கச் சொன்னானே. எழுதுங்க மிஸ். மீன் சந்தையடி, புடைவைக்கடை விறாந்தை. வடக்குப் பக்கம் எண்டும் போடுங்க. தெக்குப் பக்கத்தில வேறாள் இரிக்காங்க."