நீலக் காரின் அடிவயிறு

சாம்பவிக்கு நாற்பத்தொன்பது வயது. கனடாவில், ஸ்காபரோவில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பனியில் வழுக்காமல், யாருடைய மூக்கும் உடையாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவது விளையாட்டுக் காரியமல்ல. ஒருநாள் சிவப்பு விளக்கில் அவளுடைய பஸ்ஸுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு கார் வந்து நின்றது. உள்ளே தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரி, எழுபது வயதாவது இருக்கும், ஏதோ பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சையானதும் விர்ரென்று போய் மறைந்துவிட்டாள். சாம்பவிக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பத்து வருடமாகியும் விடவில்லை.

பைத்தியம் என்று சொல்வது நான் அல்ல, அவளுடைய கணவன் வினோதன். பேக்கரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், நல்ல மனுசன். ஆனால் இரண்டே இரண்டு ஆசனம் உள்ள கார் ஒரு குடும்பத்துக்கு எதற்கு என்பது மட்டும் அவன் மூளைக்குள் ஏறவில்லை. அரிசி மூட்டையை எங்கே வைப்பது? ஊரிலிருந்து யாராவது வந்தால் விமான நிலையத்திலிருந்து மடியிலா ஏற்றிவருவது? சாம்பவி எல்லாக் கேள்விக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, ஏப்ரல் கடைசியில் பதினாறு வயதான ஒரு கருநீலக் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதை ரோட்டில் ஓட்டுவதென்றால் சேஃப்டி சான்றிதழ் வேண்டும். கையில் இருந்த தற்காலிக அனுமதிச் சீட்டு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை மெக்கானிக் நீக்கிலாஸ் தன்னுடைய கராஜில் காரை உயரத் தூக்கி, ரோச் லைட் அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் சேறும் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் ஒரு விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. நடுவில் ஓரிடத்தில் மண்ணிறமாக ஏதோ விளிம்பு பிய்ந்து தொங்கியது.

“அக்கா, இது உக்கின மாதிரிக் கிடக்கு. வடிவாக் கழுவிக்கொண்டு சனிக்கிழமை கராஜ் பூட்ட முதல் வாங்கோ. அடிச்சட்டத்தில ஓட்டை எண்டா நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்றான்.

வினோதனுக்கு இது போதுமாக இருந்தது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போகட்டும் என்றான். சாம்பவியும் வீம்புக்குச் சம்மதித்தாள். அப்படி நடந்தால் இனிமேல் கார் என்று வாயே திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிள்ளைகளுக்கு, வீட்டுக்கு, ஊருக்கு என்று வாங்கியது எவ்வளவோ. தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். முதல் பிரச்சினையே, கார் தூக்குகிற ஜக் உள்ளே போகவில்லை; காருக்கும் நிலத்துக்கும் நடுவில் நாலு விரல் இடம்கூட இல்லை. வேலி திருத்தியபோது மிஞ்சிய பலகைகளைச் சில்லுகளுக்கு முன்னால் போட்டு, அதன்மேல் காரை ஏற்றி, பிறகு ஜக்கைத் தள்ளித் தூக்கினாள். காரைக் கண்ணால் காணவே பிடிக்காத வினோதன், பெண்சாதி அதன் அடியில் நசுங்கிச் சாவதற்குச் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் நாலு இரும்புத் தாங்கிகளை இரவல் வாங்கிவந்து வைத்து, காரை மூன்று தரம் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தான்.

புல்லுக்குத் தண்ணீர் அடிக்கிற தெளிப்பானைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டுக் குழாயைத் திறந்தாள் சாம்பவி. அது அங்கும் இங்கும் ஆடி ஆடி அடிவயிற்றைக் கழுவத் தொடங்கியது. நாயோடு நடந்துபோன ஒரு மனிதர் நின்று பார்த்துவிட்டு, கார் வளர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அடுத்த வருடம் பஸ்ஸாகிவிடும் என்றாள் சாம்பவி. ஒரு மணித்தியாலம் ஓடியும் கறுப்புத் தண்ணீர் நிற்கவில்லை.

பிறகு குழாயை மூடி, மகளின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிரிட்ஜ் வந்த பெட்டியின் மட்டையை விரித்து, மல்லாந்து உள்ளே போனாள். எண்ணெய் கரைக்கிற மருந்தை அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, நடுவில் தொங்கிய அந்த மண்ணிற விளிம்பை மெல்லத் தொட்டாள். அது அசைந்தது. கொஞ்சம் இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

காரின் இரும்பே உக்கிக் கையோடு வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். “இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டாள். குரல் போன போக்கைக் கேட்டு வினோதன் கட்டியிருந்த சாரத்தோடேயே மட்டையில் படுத்து உள்ளே நகர்ந்து வந்து, போன் வெளிச்சத்தை அடித்தான். அவள் அந்தத் துண்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். கறுப்பு போனது. உள்ளே தும்பு தெரிந்தது.

“இது தேங்காய்ச் சிரட்டை” என்றாள்.

நடந்தது இதுதான். எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் சேஃப்டிக்குக் கொண்டுபோக முதல் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சாம்பவியும் செவ்வாய்க்கிழமையே கொண்டுபோனாள். ஐயர் சந்தனம் பூசி, சில்லுகளுக்குக் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து, காருக்கு முன்னால் தேங்காய் உடைத்து, ஓட்டச் சொன்னார். மற்றக் கார்களென்றால் தேங்காய்ப் பாதிக்கு மேலால் தேர் மாதிரிப் போய்விடும். இது தவழ்கிற கார். சிரட்டை அடியில் மாட்டி, இழுபட்டு, எண்ணெய்ச் சேற்றுக்குள் செருகிக்கொண்டது.

தேங்காயை எடுத்து ஓரமாக வைக்கவேண்டியது வினோதனின் வேலை. அவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அந்த வீடியோ இன்னமும் போனில் இருந்தது. இருவரும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே போட்டுப் பார்த்தார்கள். மணிச் சத்தம், ஐயரின் மந்திரம், பிறகு தெளிவாக ஒரு ‘டக்’. ஐயர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். அதற்குப் பின்னால் வினோதனின் குரல், எல்லாம் நல்ல சகுனம் என்று சொல்கிறது.

சாம்பவிக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. சிரித்துச் சிரித்து நெற்றி காரில் இடிபட்டது, அதற்கும் சிரித்தாள். வினோதன் முதலில் முழித்தான், பிறகு அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். இருவரும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சிரித்து எத்தனையோ காலம். ஒருவருக்குக் காலை வேலை, மற்றவருக்குப் பின்னேர வேலை என்றே வருடங்கள் போய்விட்டன. அவளுக்கு அந்த நேரம் மிகவும் சந்தோசமாக இருந்தது.

வினோதன் வெளியே போகவில்லை. குற்றவாளி அல்லவா, பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு அவனும் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக்குக் கீழே சாம்பல் நிறப் பெயின்ற் புதுசு மாதிரிப் பளபளத்தது. பழைய சொந்தக்காரனின் காலத்தில் இன்ஜின் வருடக்கணக்காக எண்ணெய் ஒழுகியிருக்கிறது. அந்த எண்ணெயே பூசுமருந்தாகி, உப்பு இரும்பைத் தொடவிடாமல் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் பின்பக்கம், இடது சில்லுக்குக் கிட்ட, அடிச்சட்டத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. அங்கே எண்ணெய் எட்டவில்லை. தேய்த்தும் சிவப்பு போகவில்லை. மேலால் பிடித்த கறளா, உள்ளே ஓட்டையா என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கராஜுக்குப் போனார்கள்.

நீக்கிலாஸ் காரை உயர்த்திவிட்டு வாயைப் பிளந்தான். சாம்பவி சிரட்டையைக் காட்டினாள். தான் சேர்ச்சுக்குப் போகிற ஆள், தேங்காய் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சின்னச் சுத்தியலை எடுத்து ஒவ்வோர் இடமாகத் தட்டினான். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கினது பொத்தென்று கேட்கும் என்றான். முன்பக்கம் கணீர். நடுவில் கணீர். கடைசியாகச் சிவந்த இடத்துக்கு வந்தான். சாம்பவி கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ முருகா முருகா என்று முணுமுணுப்பது கேட்டது. பார்த்தால், வினோதன்.

கணீரென்றது. நீக்கிலாஸ் நம்பாமல் இன்னும் இரண்டு தரம் ஓங்கித் தட்டினான். மேலால் பிடித்த கறள்தான், உரஞ்சிப் பெயின்ற் அடித்தால் போதும் என்று சொல்லி, மற்றதெல்லாம் சோதித்து முடித்துக் கையெழுத்து வைத்தான். சாம்பவிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்ததில் எண்ணெய்க் கை பட்டு முகமெல்லாம் கறுப்பு.

கார் கீழே இறங்கியது. வினோதன் தன்பாட்டில், சாம்பவி வைத்திருந்த கார்த் திறப்புக்குக் கையை நீட்டினான். வேறொன்றுமில்லை, பழக்கம். கிழமை நாட்களில் அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவள், இருவரும் சேர்ந்து எங்காவது போவதென்றால் திறப்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஆசனத்தில் போய் உட்காருவாள். கல்யாணமாகி இந்த இருபத்துநாலு வருடத்தில் அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

சாம்பவி அந்தக் கையைப் பார்த்தாள். திறப்பைக் கொடுக்கவில்லை.

“இது என்ர கார். நீங்கள் அங்கால ஏறுங்கோ” என்றாள்.

நீட்டிய கை கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு அவன் அந்தக் கையாலேயே அவளுடைய நெற்றியிலிருந்த கறுப்பைத் துடைத்துவிட்டு, மற்றப் பக்கம் போய், முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, முனகி முனகி ஏறி உட்கார்ந்து பெல்ற்றைப் போட்டான்.

“மெல்ல ஓட்டும்” என்றான்.

அவள் மெல்ல ஓட்டவில்லை.