சிலுவைக்குப் பக்கத்தில் டிரம்பெட்

எலும்பு வார்டில் நான் முதலில் கவனித்தது அவருடைய வலது கையைத்தான். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையின் மூன்று விரல்கள் போர்வைமேல் மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன.

"டிரம்பெட்டு சார்," என்றார். "ஊதலேன்னா வெரலு மறந்துடும்."

மதலைமுத்து பெங்களூரு காக்ஸ் டவுன்காரர். சாவு ஊர்வலங்களுக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் டிரம்பெட் அவருடையது. ஒரு சாவுக்கு வாசித்துவிட்டு டெம்போவிலிருந்து இறங்கும்போது விழுந்திருக்கிறார். ஸ்கேனில் கல்லீரலும் வீங்கியிருந்தது. இப்போதே குடியை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொல்லி டாக்டர் என்னை அனுப்பினார். கட்டிலருகே உட்கார்ந்து நோயாளியோடு குடியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவது அந்த மருத்துவமனையில் என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவன் நான். இந்த வேலைக்குத்தான் படித்தேன் என்று ஊரில் பெருமையாகவே சொல்வேன்.

"வாரத்துல எத்தனை நாள் குடிப்பீங்கண்ணே?"

"நான் குடிக்கிறதே இல்ல சார்."

பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சாந்தகுமாரி நிமிர்ந்தார். "ஏசப்பா! இந்த வாயாலதான் ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை அப்பம் வாங்குறாரு தம்பி."

மதலைமுத்து தன் கணக்கில் பொய் சொல்லவில்லை. "சாவு வீட்ல ஊத்துறது மரியாதை சார். வேணாம்னா செத்தவங்களுக்கே அவமானம். நான் காசு குடுத்து வாங்கினாத்தான அது குடி?"

நான் மறுத்துப் பேசவில்லை. "சரிண்ணே. போன வாரம் எத்தனை வீட்டு மரியாதை?"

எண்ணத் தொடங்கினார். வலது கை விரல்கள் தீர்ந்தன. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது விரல்களுக்குப் போனார். பாதியில் நிறுத்திக் கையையே பார்த்தார்.

"இவ்ளோவா?"

சாந்தகுமாரி ஒரு சுளையை அவர் வாயில் வைத்தார். "அந்த டிரம்பெட்ட வித்துட்டு ஹெப்பகோடியில எங்கண்ணன்கிட்ட போயி வாட்ச்மேன் வேலை பாருன்னு சொல்றேன். கேக்கணுமே!"

"அத வித்துட்டா அப்புறம் நான் யாருடி?" என்றார் மெதுவாக.

"டிரம்பெட்டு இருக்கட்டும், குடி போகட்டும். அதுக்கு என்னண்ணே வழி?" என்று கேட்டேன். பதில் அவரிடமிருந்து வந்தால்தான் நிலைக்கும். "ஊர்வலத்துல சரக்கு கப்பு எந்த எடத்துல வரும்?"

"பின்னாலதான். டிரம்மு அடிக்கிறவன் பக்கத்துல. முன்னால சிலுவை, ஃபாதர்னு போவாங்க இல்ல..." கண் விரிந்தது. "சார், நான் சிலுவை பக்கத்துல போயிட்டா? ஃபாதர் முன்னால எவன் வந்து ஊத்துவான்?"

"இந்து வீட்டுச் சாவுன்னா?"

"கொள்ளிச்சட்டி தூக்குற மவன் பக்கத்துல. நெருப்பாண்ட எவன் சரக்கு கொண்டாருவான்?"

எதிர்க்கட்டில்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கட்டுப் பிரித்தபின் அவர் வாசித்த முதல் ஊர்வலத்தில் சாந்தகுமாரி நடைபாதையோடு கூடவே நடந்தாராம். மறுபரிசோதனைக்கு இருவரும் வந்தபோது சொன்னார்கள். டிரம் அடிக்கும் முனிகிருஷ்ணன் பின்னாலிருந்து கத்தியிருக்கிறார்: "இன்னா குரு, ஃபாதர் ஆயிட்டியா? எனக்குப் பாவமன்னிப்பு எப்போ குடுப்ப?"

"வாயில டிரம்பெட்டு இருந்துச்சு சார், பதில் சொல்ல முடியல," என்றார் மதலைமுத்து. "அதுவும் நல்லதாப் போச்சு."

"கல்லறை வரைக்கும் எடுக்கவே இல்ல தம்பி. மூச்சு வாங்குது, அப்பவும் எடுக்கல. உதட்டுல வட்டமாப் பதிஞ்சே போச்சு." சொல்லிக்கொண்டே சாந்தகுமாரி அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மதலைமுத்து கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் சமயம் ஒரு ஊர்வலத்தில் மறுபடி குடித்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே வந்து என் அறை வாசலில் நின்றார். நான் திட்டவில்லை. உட்காரச் சொல்லி, ஊர்வலத்தில் எங்கே நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பின்னால," என்றார்.

இப்போது மதலைமுத்து காக்ஸ் டவுனில் அதே வாடகை வீட்டில் சாந்தகுமாரியோடு இருக்கிறார். கல்லீரல் வீக்கம் வடிந்துவிட்டது. அதே பேண்டில், ஊர்வலத்தின் முன்னால் நடந்து டிரம்பெட் ஊதுகிறார்.