டேப்பில் வந்த கறுப்பு

எங்கள் பீரோவின் மேல் தட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்புப் பூச்சு. நடுவில் மட்டும் பட்டையாக உரிந்து, அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. மகளின் கை எட்டக் கூடாதென்று வைத்தது. தூக்கிப் போட்டிருக்கலாம், போடவில்லை.

சூளகிரிப் பக்கம் நெடுஞ்சாலையோரக் கல்லூரி ஒன்றில் தற்காலிக ஆய்வு உதவியாளராக இருந்தபோது நான் செய்தது அது. சாயம் ஏற்றிய சூரிய மின்கலத்துக்கு இரண்டு கண்ணாடிகள் வேண்டும். ஒன்றில் வெயிலை வாங்கும் சாயம், எதிர்க் கண்ணாடியில் பிளாட்டினம், இடையில் அயோடின் கரைசல். பிளாட்டினம் கட்டுப்படியாகாது என்பதால் அதற்குப் பதிலாகக் கோபால்ட் சல்ஃபைடை மெல்லிய படலமாக வளர்த்துப் பார்த்தேன். மின்சாரம் ஏறக்குறைய பிளாட்டினத்துக்குச் சமமாகவே வந்தது. படலம் கண்ணாடியை விட்டு உரியாமல் இருக்க வேண்டும், அதுதான் பாடு.

அதற்கு ஆய்வகத் தலைவியான மேடம் ஒரு சோதனை வைத்திருந்தார். செல்லோடேப்பை ஒட்டி, நகத்தால் தேய்த்து, வெடுக்கென்று இழுப்பார். டேப்பில் கறுப்பு வந்துவிட்டால் கண்ணாடியைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். நான் உண்டாகியிருப்பதைச் சொன்ன அன்று, "வயித்துல ஒண்ணு, கண்ணாடில ஒண்ணு. ரெண்டுல எது தங்குதுன்னு பாக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

ஓசூரிலிருந்து தொழிற்சாலைக்காரர்கள் இருவர் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் என் வேலை நீளும், இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி. மேடம் டேப்பை ஒட்டி இழுத்தார். சுத்தமாக வந்தது. வந்தவர்களில் மூத்தவர், "சென்னாகிதே மேடம்" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டு, "யார் செஞ்சது?" என்று தமிழில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம், "இருங்க சார், இன்னொரு தடவை" என்றார். அதே இடத்தில் ஒட்டினார். அதுவும் சுத்தமாக வந்தது. "இன்னொரு தடவை." நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். எத்தனையாவது இழுப்போ, டேப்பில் கறுப்பு வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பாத்தீங்களா? கரியப் பூசிட்டு வந்து பிளாட்டினம்ங்கறாங்க. ஏம்மா, இது கூரை மேல நிக்குமா? நீயே அடுத்த மாசம் இங்க நிக்க மாட்டே."

அவர்கள் சிரித்தார்கள். அடுத்த மாதம் நான் அங்கே இல்லை.

அவர் செய்தது சரிதானோ என்று இன்றும் யோசிக்கிறேன். கூரைக்குப் போய் உரிவதைவிட மேசையிலேயே உரிந்துவிடுவது மேல்தானே? அயோடின் கரைசல் எதைத்தான் அரிக்காமல் விட்டுவைக்கும்? ஆனால் பிளாட்டினக் கண்ணாடியில் அவர் ஒருமுறைகூட டேப் ஒட்டிப் பார்த்ததில்லை.

மகளுக்கு நான்கு வயதாகிறது. பள்ளியில் சேர்க்கும்போது என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் நேற்று மாலை 'அ' எழுதச் சொன்னேன். சரியாக எழுதினாள். "இன்னொரு தடவை" என்றேன். எழுதினாள். "இன்னொரு தடவை." பென்சிலை அழுத்திப் பிடித்ததில் அவள் விரல்நுனி வெளுத்துப்போயிருந்தது. கடைசியில் சுழி கோணியது. எனக்குள் ஏதோ அடங்கியது.

"பாத்தியா?" என்றேன்.

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

கண்ணாடித் துண்டு பீரோவின் மேல் தட்டிலேயேதான் இருக்கிறது, அவள் கை எட்டாத இடத்தில்.