அம்மாவின் இடது கை

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் நற்குணங்களை மாமாவும் சித்தியும் முன் பக்கங்களில் எழுதிவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை மகளான நான் எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா பிறந்தது தோவாளைப் பக்கம். திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா தவறிவிட, பக்கத்தில் கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே அத்தனை பெண்களும் அவர்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கல்யாணம் என்று அம்மா வீட்டில் சொல்லத் தொடங்கினால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்த அடுப்படி வேலையில்தான் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள்.

நான் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் கால் வைத்த இரண்டாம் மாதம், நுரையீரல் தொற்றோடு அம்மா அதே வார்டில் சேர்ந்தார்கள். காலையில் நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பது எங்களைப் போன்ற புதியவர்களின் வேலை. எனக்கு நரம்பு அகப்படாது. என்னோடு சேர்ந்த ரீனாவுக்கோ முதல் குத்திலேயே கிடைத்துவிடும். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"அந்தப் பிள்ள குத்துனா தெரியவே மாட்டேங்கு மக்களே. நீயும் அவகிட்ட கேட்டுப் படியேன்" என்றார்கள் ஒருநாள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலை ரீனா வருவதற்கு முன்பே போய் நின்றேன். வலது கையில் இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு நரம்பு தடித்துத் தெரிந்தது. அவள் வந்துவிடுவாளே என்ற அவசரத்தில் அதிலிருந்தே எடுத்துவிட்டேன். குளுக்கோஸ் ஏறும் கையில் எடுத்த ரத்தம் சர்க்கரையைத் தாறுமாறாகக் கூட்டிக் காட்டும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான்.

ரிசல்ட்டில் சர்க்கரை எகிறியிருந்தது. டியூட்டி டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். நர்ஸ் ஊசியை எடுக்கும்போது தடுத்தவள் ரீனா.

"எடீ, ஏது கையில் நின்னா எடுத்தது?" என்று, எந்தக் கையிலிருந்து எடுத்தாய் என மலையாளத்தில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மாவின் இடது கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் ஏறியிருந்தால் அம்மா அன்றே போயிருக்கக்கூடும். ரீனா வலது கையில் மறுபடி எடுத்து அனுப்பினாள். சர்க்கரை சரியாகவே இருந்தது.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் விசாரித்தபோது அம்மா முந்திக்கொண்டார்கள்.

"நாந்தான் டாக்டர் அந்தக் கைய நீட்டுனேன். பிள்ள வேண்டாம்னுதான் சொன்னா."

ரீனா வாய் திறக்கவில்லை. அம்மா எனக்காகப் பொய் சொன்னது சரி, அந்தப் பொய்யில் இவளுக்கு என்ன பங்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. என் தாயின் உயிரைக் காப்பாற்றியவள்மேல் அப்போதும் பொறாமைதான் பட்டேன்.

அம்மா குணமாகி வீடு திரும்பி, எட்டு மாதம் நன்றாக இருந்து, ஒரு மதியம் தூக்கத்திலேயே பிரிந்தார்கள். அந்த எட்டு மாதமும் லீவு கிடைத்தபோதெல்லாம் ரீனா வந்து அம்மா கையால் சாப்பிட்டாள். இறுதிச் சடங்கில் என்னைவிட அதிகமாக அழுதவளும் அவளே. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை கூடவே நின்ற மாமா, சித்தி, அக்கம்பக்கத்தார், வார்டு நர்ஸுகள், அம்மாவை அம்மா என்றே அழைத்த ஹாஸ்டல் பெண்கள் அனைவருக்கும் என் நன்றி.

இந்த மலரில் ஒரு பக்கம் எழுதட்டுமா என்று ரீனா கேட்டிருந்தாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது. அவள் எழுதினால் என்னுடையது எடுபடாது என்று பயந்தேன். இவ்வளவையும் எழுதிய பிறகு அவளைக் கூப்பிட்டேன். அடுத்த பக்கம் அவள் எழுதியது. நான் இன்னும் படிக்கவில்லை.