மூன்று அழுத்து சோடா

அன்செல்மோவின் ஒயினில் மூன்று அழுத்து சோடா விழுந்தாக வேண்டும். அர்ஜென்டினாவின் மெந்தோசா ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஞாயிறு மதியம் முற்றத்தில் தானே இறைச்சி சுட்டு மேசைக்குக் கொண்டுவருவார். பென்குயின் வடிவக் கூஜாவின் அலகு வழியே ஒயினைச் சாய்த்து, ஒரு வாய் வெறுமனே குடிப்பார். பிறகு அழுத்தினால் சோடா பீய்ச்சும் சிபான் புட்டியை எடுத்து சர், சர், சர். முப்பது வருடமாக இது மாறியதில்லை.

மகள் ரோக்ஸானாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒயின் ஆலையில் அவளுக்கு ருசி பார்க்கிற வேலை.

"அது என்ன ஒயினாப்பா, வாய் கொப்பளிக்கிற தண்ணியா?"

"நெருப்புகிட்ட நின்னவனுக்குத்தான்டி தாகம் தெரியும். நீ மோந்து பாத்துத் துப்புறதுக்குச் சம்பளம் வாங்குறவ."

அம்மா சிரித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, தான் முதன்முதலாகப் பக்குவம் பார்த்துச் செய்த ஒயினை ரோக்ஸானா யாருக்கும் சொல்லாமல் அதே கூஜாவில் ஊற்றி வைத்தாள்.

அன்செல்மோ ஒரு வாய் குடித்தார். கூஜாவை ஒரு பார்வை பார்த்தார். மகள் பக்கம் திரும்பவில்லை. சிபானை எடுத்து ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தார்.

"ஏன், சோடா தீந்துபோச்சா?" என்றாள் அம்மா.

"இதுக்கு இது போதும்," என்று இறைச்சியை வெட்டத் தொடங்கினார்.

முன்பு ஆலையில் பெரிய ஆட்கள் அந்த ஒயினை ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்து எழுதியபோது ரோக்ஸானா லேசாகத் தலையாட்டியதோடு சரி. இப்போது எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.