குழந்தைவேலு வாத்தியார் தரையில் வரையச் சொன்ன படம்

சென்ற புதன்கிழமை காலை, ஈப்போ ரயிலில் வந்து பாகான் செராயில் இறங்கிய ரயில்வே ஊழியர் ஒருவர் நேராக என் மருந்தகத்துக்கு வந்தார். "டிரஸர் ஐயா, நம்ம குழந்தைவேலு வாத்தியார் ராத்திரி போயிட்டாரு. சாயங்காலம் எடுக்குறாங்க" என்றார். அந்த ஊழியரின் மகள் வாத்தியாரிடம் படித்தவள். அடுத்த ரயிலில் ஈப்போவுக்குக் கிளம்பினேன்.

வாத்தியாரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரஸராக இருந்தபோது, அவர் அங்கே பள்ளிக்கூடம் நடத்த வந்தார். இருவருக்கும் ஒரே வீடு. உயரமானவர், பேச்சு குறைவு, பச்சை மிளகாய் இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார்.

பாடப் புத்தகங்கள் கடல் தாண்டிச் சென்னையிலிருந்து வந்தவை. பூகோளத்தில் காவேரியும் கோதாவரியும் இருந்தன. ஒரு நாள் பொன்னம்மா என்ற சிறுமி எழுந்து, "ஐயா, நம்ம ஆறு இதுல இல்லியா?" என்று கேட்டாள். வாத்தியார் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இல்லை. நாமதான் போடணும்" என்றார்.

மறுநாள் முதல் பிள்ளைகளைத் தோட்டத்து மேட்டுக்கு அழைத்துப்போய்ச் சூரியனைப் பார்த்துத் திசை சொல்லச் சொன்னார். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்துத் தரையில் கரியால் வரையச் சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், ரப்பர் உலர்த்தும் புகைக்கூடம், ஓடை, அது போய்ச் சேரும் கிந்தா ஆறு, செம்மண் சாலை, ஈயச் சுரங்கம், பத்து காஜா, அதற்கும் வடக்கே ஈப்போ. மாலையில் பெற்றோரும் வந்து பார்த்தார்கள்.

"அடேயப்பா, பத்து காஜா இவ்வளவு கிட்டவா இருக்கு? காடு தாண்டிப் போகணும்னாரே கங்காணி!" என்றார் ஒருவர்.

பொன்னம்மாவின் தகப்பன் அப்போது காய்ச்சலோடு பத்து காஜா ஆஸ்பத்திரியில் இருந்தார். பல வாரமாகத் தகவல் இல்லை. போய்ப் பார்க்கத் தாய் கேட்டபோதெல்லாம், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மறுத்துவிட்டார். ஒரு நாள் விடியுமுன் தாயும் மகளும் புறப்பட்டுப் போனார்கள். மறுநாள் தகப்பனை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மெலிந்திருந்தார், ஆனால் பிழைத்துவிட்டார். வழி தெரிந்தது எப்படி என்று கங்காணி அதட்டியபோது, "எம்மவதான் காட்டுனா. பள்ளிக்கூடத்துல படிச்சா" என்று தாய் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். நானும் அங்கிருந்தேன். துரை சொன்னதை ஆபீஸ் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி தமிழில் சொன்னார்.

"ஓடிப் போறதுக்கு வழி சொல்லிக் குடுத்தீங்களா?"

"பூகோளம் சொல்லிக் குடுத்தேங்க."

"இனிமே எழுத்தும் கணக்கும் போதுமாம். தரையைக் கழுவிடணுமாம்."

"தரையைக் கழுவலாங்க. பிள்ளைங்க படிச்சதை எப்படிங்க கழுவுறது?"

அந்த மாதக் கடைசியில் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். பெட்டி கட்டும்போது, "வருத்தமா இல்லியா அண்ணே?" என்று கேட்டேன்.

"வருத்தந்தான். ஆறு வரைக்கும்தான் வந்திருக்கோம். கடலை இன்னும் சொல்லிக் குடுக்கலை."

பிறகு ஈப்போவை ஒட்டிய சிலிபினில் ரயில்வே தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். நெஞ்சு நோய் படுக்கையில் தள்ளும்வரை அதை விடவில்லை; கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டியாகிவிட்டது. பேரும் ஊரும் சொல்லித்தான் மண் போட வேண்டும் என்று, சடங்கு செய்தவர் அவருடைய சொந்த ஊரைக் கேட்டார். உறவென்று இங்கே அவருக்கு யாருமில்லை. ஊரை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அவருக்குப் பக்கத்து வீட்டில் பால் விற்கும் அம்மாள் முன்னே வந்தார். "சிலிபின்னு சொல்லுங்க சாமி. இங்கதானே இருந்தாரு?"

சடங்கு செய்தவர் சற்றுத் தயங்கிவிட்டு, அப்படியே சொன்னார். ஒவ்வொருவராக மண் அள்ளிப் போட்டோம்.

நண்பரே, உங்கள் ஊரிலேயே உங்களை விட்டு வந்திருக்கிறோம். அமைதியாக இருங்கள்.